ஒரே ஒரு எதிர் ஹீலியம்

சனிக்கிழமை காலை கீழ்த்தள ஆய்வகத்தின் கதவைத் திறந்த டெக்னீஷியன் அசரியா, கருவியின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பேராசிரியர் சத்தியநாதனின் கால்கள். அசரியா உள்ளே பாய்ந்து அவரைப் புரட்டினார், நெஞ்சை அழுத்தினார், வாயோடு வாய் வைத்து ஊதினார். உடல் எப்போதோ விறைத்துப் போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் அபிதா என்கிற அபிதகுஜாம்பாள் வந்து சேர்ந்தபோது கிழக்குத் தாம்பரத்தில் வெயில் ஏறிவிட்டது. செம்பாக்கத்து ஏரிக்கரையோரம் அவள் வீடு; அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வாசலைத் தினமும் கடந்துதான் ஸ்டேஷனுக்குப் போவாள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கீழ்த்தளம் என்றால் பாதி மண்ணுக்குள் இறங்கிய அறை. ஜன்னல் கிடையாது. ஒரே கதவு. எதிர்ச்சுவரில், தரையை ஒட்டி, காற்றை வெளியே தள்ளும் பெரிய எக்ஸாஸ்ட் விசிறி, அது நின்றிருந்தது. தூசி ஆகாத இடம் என்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கதவுக்கு உள்பக்கம் இருக்கும் டப்பாவிலிருந்து நீலத் துணித் தொப்பி ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். சப் இன்ஸ்பெக்டர் தேவானந்தம் மேடத்துக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

சத்தியநாதன் தலையிலும் அதே நீலத் தொப்பி. அதன் மேல் இரண்டு மூன்று வேப்பம்பூக்கள் ஒட்டியிருந்தன. உடம்பில் காயமில்லை. முகத்தில் பயமோ வலியோ இல்லை. வேலை செய்தபடியே தூங்கிவிட்டவர் போலிருந்தார். மூச்சடைத்துச் செத்திருக்கிறார், நேற்று முன்னிரவில் நடந்திருக்கும் என்று போலீஸ் டாக்டர் சொன்னார்.

படிக்கட்டில் பிளஸ்ஸி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முப்பது வயது, டாக்டர் பட்டம் வாங்கி நான்கு வருடமாக இங்கேயே ஆராய்ச்சி செய்பவள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருகிறவள். அசரியா கத்திய சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது அவள்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் அவள்தான்.

"விசிறியை யார் நிறுத்தினது?" என்று அபிதா கேட்டாள்.

"நான்தான் மேடம். அந்தச் சத்தத்துல போன்ல அவங்க பேசறது ஒண்ணுமே கேக்கலை."

மூன்றாவதாக வந்தவர் டாக்டர் ஷ்யாம்சுந்தர். சத்தியநாதனுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர். பல்லாவரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் அவர் முதலில் கேட்டது, யார் விசிறியை அணைத்தது என்றுதான் என தேவானந்தம் சொன்னார். இழவு விழுந்த இடத்திலும் ஊழியரைத் திட்டுகிறார் பாருங்கள் மேடம் என்று தேவானந்தம் முகம் சுளித்தார். போலீஸ் வந்ததும் யாரும் எதையும் தொடக் கூடாது என்று தடுத்ததால் விசிறி நின்றபடியே இருந்தது.

என்ன நடந்திருக்கும் என்பதை ஷ்யாம்சுந்தரே விளக்கினார். கருவிக்குள் ஆர்கான் என்ற வாயுவை ஓடவிடுவார்கள். நிறமில்லை, வாசனையில்லை, விஷமும் இல்லை. ஆனால் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். தேங்கிய இடத்தில் பிராணவாயு இருக்காது. அதில் தலையைக் கொடுத்தவனுக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது, இரண்டு மூச்சில் நினைவு போய்விடும். அதற்காகத்தான் விசிறியைத் தரையோரம் வைத்திருக்கிறார்கள். பிராணவாயு குறைந்தால் கத்துகிற அலாரமும் சுவரில் உண்டு. அது சில நாட்களாகக் காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருந்ததால் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

கருவிக்குப் போகும் ஆர்கான் குழாயின் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்ததை அசரியா காட்டினார். வெள்ளிக்கிழமை மாலைகளில் சத்தியநாதன் தனியாக இறங்கி, விளக்கை அணைத்துவிட்டு, கருவியின் அடிப்பாகத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று தரையில் படுத்துப் பார்ப்பார். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

"விபத்துதான் மேடம்," என்றார் தேவானந்தம். "குழாய் கசிஞ்சிருக்கு. அலாரம் இல்லை. மனுஷன் தரையில படுத்திருக்கார்."

கூடுவாஞ்சேரிப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் புது லேஅவுட்டுகளில் செப்டிக் டேங்க் சாவுகளைப் பார்த்தவள் அபிதா. அவற்றில் ஒருபோதும் ஒரு பிணம் மட்டும் இருந்ததில்லை. முதலில் இறங்கியவன் விழுவான். அவனைத் தூக்க இறங்கியவன் அவன் மேலேயே விழுவான். அவள் அசரியாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீங்க எப்படி உயிரோட இருக்கீங்க?"

அசரியாவுக்குப் புரியவில்லை.

"ராத்திரி முழுக்கக் குழாய் கசிஞ்சிருக்கு. கதவு மூடியிருக்கு. நீங்க உள்ள போய்த் தரையில மண்டி போட்டு அவர் வாயில ஊதியிருக்கீங்க. உங்களுக்குத் தலை சுத்தக்கூட இல்லையே."

"ஃபேன் ஓடிக்கினு இருந்திச்சே மேடம். நான் கதவைத் தொறந்தப்போ நல்லாத்தான் ஓடிச்சு. அதான் காத்தெல்லாம் க்ளீனாயிட்ருக்கும்."

"அப்போ நேத்து அவரை ஏன் காப்பாத்தலை?"

அந்த விசிறி பகலும் இரவும் ஓடுவது. அசரியா வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கசிகிற குழாயை மீறி அறையைச் சுத்தமாக வைத்திருக்க அதற்குத் தெம்பு உண்டு என்றால், முந்தின நாள் மாலை ஒருவர் சாகிற வரைக்கும் அது என்ன செய்துகொண்டிருந்தது?

அறையையும், கதவுக்கு வெளியே இருந்த மின்சாரப் பெட்டியையும் பூட்டி சீல் வைக்கச் சொன்னாள். தேவானந்தம் தயக்கத்தோடு அரக்கை உருக்கினார்.

கட்டடத்தின் பின்பக்கம் ஒரு சிமெண்ட் பள்ளம். விசிறியின் வெளிவாய் அந்தப் பள்ளத்துக்குள் திறந்தது. அதே பள்ளத்தில் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த ஆர்கான் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. மேலே பெரிய வேப்பமரம். சித்திரை மாதமென்பதால் பூ கொட்டிக்கொண்டிருந்தது. விசிறியின் கம்பி வலையிலும் பூக்கள் அப்பியிருந்தன. எல்லாச் சிலிண்டர்களின் அழுத்தம் காட்டும் முள்ளும் பூஜ்யத்தில் விழுந்து கிடப்பதைப் பார்த்து அசரியா வாய்க்குள் முணுமுணுத்தார். இந்த வாரம்தான் புதிதாக வந்து இறங்கியவையாம். குழாய்க் கசிவில் ஒரு சிலிண்டர் போகும். அத்தனையும் எப்படிப் போகும்?

மத்தியானம் சேலையூரில் சத்தியநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி ரோஸி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் ஆட்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு வராததை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அபிதா கேட்டபோது, கருவியைப் பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பும் வேலை தொடங்கியதிலிருந்து வாரத்தில் இரண்டு இரவாவது அங்கேயே தங்கிவிடுவார் என்று ரோஸி சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். வியாழக்கிழமை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "ஒரு தப்பு நடந்துபோச்சு ரோஸி, திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் அதை நான் என் வாயால சொல்லணும்" என்றாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என்ன தப்பு என்று ஷ்யாம்சுந்தரைக் கேட்டாள். அவர் போன வருடம் உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் எழுதிய செய்தியிலிருந்து ஆரம்பித்தார்.

பிரபஞ்சத்தில் நம் கண்ணுக்கும் கருவிக்கும் தெரிகிற பொருள் கொஞ்சம்தான். மிச்சம் பெரும்பகுதி கரும்பொருள். அது ஒளியைத் தராது, மறைக்காது. ஈர்ப்பினால் மட்டும் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளும். அதன் துகள்கள் இரண்டு ஒன்றையொன்று மோதி அழிந்தால் எதிர்ப்பொருள் தெறிக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அப்படித் தெறித்தது அண்டக் கதிர்களோடு கலந்து பூமிக்கு வரும். இவர்கள் ஒரு கருவியைப் பலூனில் கட்டி, காற்று மண்டலத்தின் விளிம்புக்கு அனுப்பினார்கள். கருவிக்குள் பெரிய காந்தம். ஹீலியம் அணுக்கரு அதில் ஒரு பக்கம் வளையும். எதிர் ஹீலியம் மறுபக்கம் வளையும். வந்த கோடிக்கணக்கான துகள்களில் ஒன்றே ஒன்று மறுபக்கம் வளைந்தது. சாதாரண மோதல்களில் எதிர் ஹீலியம் உண்டாவது அநேகமாக நடக்காத காரியம். அதனால் அந்த ஒன்றே போதும், கரும்பொருள் கதவைத் தட்டிவிட்டது என்று உலகம் நிமிர்ந்து பார்த்தது. தேடிக் கண்டுபிடித்தது பிளஸ்ஸி. பெயர் சத்தியநாதனுக்கும் கிடைத்தது, ஷ்யாம்சுந்தருக்கும் கிடைத்தது.

"இப்போ அது இல்லையா?"

"இல்லை. அது சாதாரண ஹீலியம். மேலேர்ந்து வரலை, கீழேர்ந்து மேலே போயிருக்கு. காத்துல மோதித் திரும்பினது. கீழேர்ந்து போறதை மேலேர்ந்து வந்ததா நினைச்சுப் பார்த்தா, வளைவு தலைகீழாத் தெரியும். எதிர்ப்பொருள் மாதிரியே இருக்கும். போன வாரம் சார் கண்டுபிடிச்சார்."

"அதுக்குத்தான் வியாழக்கிழமை நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களா? மாடி வரைக்கும் கேட்டுச்சாமே."

"தன்னோட தப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்னார். நான் ஒத்துக்க மாட்டேன்னு கத்தினேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அதுதான் கடைசியா நான் அவர்கிட்ட பேசினது."

தேவானந்தத்துக்கு இப்போது விபத்து மறந்துபோயிற்று. வெளியே வந்ததும், இந்த ஆளைத் தூக்கிக்கொண்டு போய் விசாரிக்கலாம் மேடம் என்றார். துகள் போனால் இவர் பெயரும் போகும். தடுக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அபிதாவின் மனம் அந்த இரண்டு மூன்று வேப்பம்பூவில் சிக்கிக்கொண்டிருந்தது. சத்தியநாதன் மரத்தடியில் நடந்து வந்திருக்கலாம், பூ தலையில் விழுந்திருக்கலாம் என்று காலையில் அதைத் தாண்டிப் போயிருந்தாள்.

ஞாயிறன்று வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு உறைத்தது. பூ இருந்தது தலைமுடியில் இல்லை, தொப்பியில். தொப்பியோ கதவுக்கு உள்ளே வந்த பிறகு மாட்டுவது. அடுப்பை அணைத்துவிட்டுத் தேவானந்தத்துக்குப் போன் செய்தாள். கைரேகை ஆட்களோடு உடனே போய் அந்த மின்சாரப் பெட்டியின் உட்புறத்தைப் பார்க்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை மூவரையும் கீழ்த்தளத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். சத்தியநாதன் பேசுவதாக இருந்த நாள் அது. எல்லோரும் நீலத் தொப்பி மாட்டிக்கொண்டார்கள். தரையில் அவர் கிடந்த இடத்தைச் சுற்றிப் போட்ட சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருந்தது. பிளஸ்ஸி அதைப் பார்க்காமல் சுவரோரம் நின்றாள்.

அபிதா பேப்பர் கைக்குட்டை ஒன்றைப் பிரித்து விசிறிக்கு முன்னால் பிடித்தாள்.

"இது காத்தை வெளியே இழுக்கிற விசிறி. போட்டா இந்தக் காகிதம் எங்க போகணும்?"

"கம்பியில போய் ஒட்டிக்கணும்," என்றார் ஷ்யாம்சுந்தர்.

"அசரியா, போடுங்க."

மோட்டார் உறுமியது. காகிதம் அவள் விரலை விட்டுப் பறந்து, அறையின் குறுக்கே போய், எதிரே நின்ற ஷ்யாம்சுந்தரின் முழங்காலில் மோதி விழுந்தது. அதன் பின்னாலேயே காய்ந்த வேப்பம்பூக்கள் சில தரையில் உருண்டு வந்தன.

அசரியா குனிந்து இறக்கைகளைப் பார்த்தார். "தலைகீழா சுத்துது மேடம். மூணு ஃபேஸ் மோட்டார். ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா எதிர்ப்பக்கம் சுத்தும்."

"சத்தமும் அதே சத்தம். பார்க்கிறவங்களுக்கு விசிறி ஓடுது, அவ்வளவுதான்." அபிதா விசிறியை நிறுத்தச் சொன்னாள். பிறகு மெதுவாக, கோர்ட்டில் சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை யாரோ பெட்டியைத் திறந்து இரண்டு ஒயரை மாற்றிப் போட்டார்கள். சத்தியநாதன் இறங்கி, விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் படுத்தார். ஏசி ஓடும் இருட்டறையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யார் கவனிப்பார்கள்? வெளியே பள்ளத்தில் சிலிண்டர்களைத் திறந்துவிட்டார்கள். கனமான வாயு பள்ளத்தில் தேங்கியது. அதை இந்த விசிறி அவர் முகத்தைப் பார்த்து ஊதியது. மரத்துப் பூவும் கூட வந்தது. சிலிண்டர்கள் காலியான பிறகு அதே விசிறி விடிய விடிய நல்ல காற்றை உள்ளே ஊதி, அறையைக் கழுவிவிட்டது. அசரியா பிழைத்தது அதனால்தான். தளர்த்தி வைத்த குழாய், போலீஸுக்கு ஒரு விபத்தைக் காட்டுவதற்கு.

"ஒயரை மாத்தத் தெரிஞ்சவன் நான்தானே மேடம்," என்றார் அசரியா.

"நீங்க பண்ணியிருந்தா, காலையில தனியா வந்தவர் நீங்க. மாத்தினதைத் திருப்பிப் போட்டுட்டு அப்புறமா கத்தியிருப்பீங்க. விசிறியை ஓடவிட்டு ஊரைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க." அவள் ஷ்யாம்சுந்தரின் பக்கம் திரும்பினாள். "நீங்க வந்ததும் ஏன் விசிறியை அணைச்சீங்கன்னு திட்டினீங்க. ஏன்?"

"வாயுவுல ஒருத்தர் செத்துக் கிடக்கிறார். உள்ளே இன்னும் ஆள் போய்வந்துகிட்டு இருக்காங்க. அந்த நேரத்துல எக்ஸாஸ்ட்டை யாராவது அணைப்பாங்களா?"

"அதான். இங்க வேலை செய்யற யாரும் அணைக்க மாட்டாங்க. அறை சுத்தமாயிடுச்சுன்னு முன்னாடியே தெரிஞ்ச ஒருத்தரைத் தவிர. ஓடவிட்டா அது எந்தப் பக்கம் ஊதுதுன்னு யாராவது பார்த்துடுவாங்களேன்னு பயந்த ஒருத்தரைத் தவிர. ராத்திரி சிலிண்டர் காலியாகிற வரைக்கும் நிக்க முடியாது, காலையில வந்து ஒயரைத் திருப்பிப் போட்டுடலாம்னு நினைச்சிருப்பாங்க. அசரியா முந்திட்டார். நாங்க சீல் வெச்சுட்டோம்."

எல்லோருடைய கண்ணும் சுவரோரம் போயிற்று.

"போன் பேச முடியலைன்னுதான்..." என்றாள் பிளஸ்ஸி.

"படியேறி வெளிய போய்ப் பேசியிருக்கலாமே. பெட்டிக்கு உள்ளே, திருகாணிக்குப் பக்கத்துல, உன் விரல் ரேகை இருக்கும்மா. அசரியாவைத் தவிர அங்க கை வைக்க யாருக்கும் வேலையில்லை."

அவள் எதையும் மறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஷ்யாம்சுந்தர் எதை ஒத்துக்கொள்ளவில்லை என்று சனிக்கிழமையே கேட்காமல் விட்டது அபிதாவின் பிசகு. இப்போது கேட்டாள். அவர் சொன்னார். துகள் எந்தத் திசையில் போகிறது என்பதை, மேல் தட்டில் முதலில் பட்டதா, கீழ்த் தட்டில் முதலில் பட்டதா என்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அந்த ஒரு துகளுக்கு மட்டும் யாரோ இரண்டு நேரங்களையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள். கைப்பிழை இல்லை, தெரிந்தே செய்தது. அந்த வேலை பிளஸ்ஸியின் கையில் இருந்தது. ஆனால் சத்தியநாதன், தன் கவனக்குறைவு என்று சொல்லித் துகளை வாபஸ் வாங்கப்போவதாகச் சொன்னார். பொய்க்கு நீங்கள் ஏன் பழி ஏற்க வேண்டும், உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் ஷ்யாம்சுந்தர் கத்தினார். சத்தியநாதன் இறந்த பிறகும் அவர் விருப்பத்தை மீறி வாயைத் திறக்க மனம் வரவில்லை.

"இது உனக்குத் தெரியுமா?" என்று அபிதா பிளஸ்ஸியைக் கேட்டாள். "உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்னு?"

"தெரியும். வியாழக்கிழமை அவரே கூப்பிட்டுச் சொன்னார். உன்னை மன்னிச்சுட்டேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், போய் நல்லபடியா வேலை செய்யுன்னார். தலையில கை வெச்சு ஜெபம் பண்ணினார்." அவள் குரலில் அழுகை இல்லை. "நாலு வருஷம் மேடம். ஒண்ணுமே வரலை. கடைசியில ஒண்ணு வந்துச்சு, தப்பான பக்கத்துலேர்ந்து. நான் அதைத் திருப்பிவிட்டேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மன்னிப்பு அவர் கண்ணுல இருக்கும். அதை நான் எப்படித் தாங்கறது?"

பெண் காவலர்கள் அவளை மேலே அழைத்துப் போனார்கள். விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று கட்டடத்தை அதிரவைத்துக்கொண்டு தாழப் பறந்து போயிற்று.

ரோஸிக்கு வேறு யார் வழியாகவும் செய்தி போகக் கூடாது என்று அபிதா நேரே சேலையூர் போனாள். கூடத்தில் கூட்டம் கலைந்திருந்தது. ரோஸி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஒயர், விசிறி, சிலிண்டர், பெயர். மாணவர் கணக்கைப் போட்டு முடிக்கக் காத்திருக்கும் டீச்சர் போலவே நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"நீங்க தனியா இருக்கக் கூடாதும்மான்னு ரெண்டு ராத்திரியும் அவதான் துணைக்கு வந்து படுத்தா," என்றார். "நான் தூக்கத்துல அழுதேனாம். விடிய விடிய என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா."

அவர் எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அபிதா கூடத்திலேயே நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ரோஸி வலது கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துத் துடைத்துவிட்டு, மறுபடியும் குழாயைத் திறந்தார்.